அறுநூறாவது மணி

"பட்டையப் போடற வரைக்கும் யாரும் ஜன்னல் பக்கம் போகக் கூடாது. எதையும் பாக்கக் கூடாது, எதையும் கேக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள் சுடர்விழி.

மார்ச் முப்பத்தொன்று, காலை ஏழு மணி. எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடியில் தேனடை எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். இங்கே நெற்றிப்பட்டை இரண்டும் மின்னேற்றியில் கிடந்தன. இன்னும் பத்து நிமிடம் ஆகும். ஐந்து வயதுப் பாரி அம்மா சொன்னபடி கண்ணை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குளியலறைக்கு நடந்தான். வழியில் நாற்காலியில் முட்டிக்கொண்டு அழுதான். ஒன்பது வயது நறுமுகை போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "தேனீ கொட்டுமாம்மா? புகை எதுக்குப் போடறாங்க?" என்று கேட்டாள்.

"கேக்காதன்னு சொன்னேன்ல. பத்து நிமிஷம் கழிச்சுக் கேளு."

பட்டை மின்னேறி முடிந்தபோது ஆட்கள் தேனை வாளியில் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்கள். பார்த்திருந்தால் பட்டையில் குறைந்தது இரண்டு முறையாவது மணி அடித்திருக்கும்.  சுவர்த்திரையில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று காட்டியது. மாலை ஆறு மணிக்குள் அது அறுநூறு ஆக வேண்டும்.

விளங்குமணி என்ற கருவியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதானால், அதை ஏமாற்ற முடியாது. ஒரு விஷயம் ஒருவருக்குப் புதிதாகப் புரியும் அந்த நொடியில் மூளையில் ஒரு சின்ன அலை எழுகிறது. மனப்பாடம் செய்தால் எழாது. தலையாட்டினால் எழாது. தெரிந்ததையே மறுபடி சொன்னாலும் எழாது. நெற்றிப்பட்டை அந்த அலையைப் பிடித்து 'டிங்' என்று அடிக்கும். எண்ணிக்கை நேராக இல்லக் கல்வி வாரியத்துக்குப் போய்விடும். இந்தக் கருவி வந்ததும் தேர்வு ஒழிந்தது என்று ஊரே கொண்டாடியது. இனிப்புக் கொடுத்தவர்களில் சுடர்விழியும் ஒருத்தி. அப்போது அவளுக்குக் குழந்தை இல்லை.

வெயில் நாற்பத்தெட்டைத் தொட ஆரம்பித்த பிறகு, பத்து வயதுக்குட்பட்டவர்களைப் பகலில் வெளியே அனுப்பக் கூடாது என்று சட்டம் வந்தது. சேலத்தில் இருந்த தொடக்கப் பள்ளிகள் எல்லாம் மூடப்பட்டன. பெற்றவர்களுக்கு இரண்டே வழிகள். ஒன்று, வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து, குழந்தைக்கு முந்நூறு வீதம் ஆண்டுக்குள் மணி அடிக்கவைப்பது. முடியாவிட்டால் குழந்தைகளைக் குளிர்ந்த மேல்மலையில் இருக்கும் தங்கல் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே நல்ல சாப்பாடு, நல்ல ஆசிரியர்கள், எல்லாம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டுக்கு விடுவார்கள். மாடி வீட்டு ரெஜினாவின் தங்கை மகன் அப்படி விடுமுறைக்கு வந்தவன், சொந்த வீட்டுக் குளிர்பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "திறக்கலாமாங்க?" என்று பெற்ற தாயிடம் கேட்டான். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று சுடர்விழி தன் பிள்ளைகளை அனுப்பவே போவதில்லை என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம். தினமும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்குத்தான் தெரியும். மணி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காது. ஒரு வாரம் மெனக்கெட்டு நீர்ச் சுழற்சிக்குப் படம் வரைந்து, கொதிக்கும் பாத்திரத்தின் மேல் தட்டை வைத்துக் காட்டினாள். பட்டை கம்மென்று இருந்தது. அந்தத் தட்டில் ஒட்டியிருந்த நீரை நக்கிய பாரி, சூடான தட்டில் நாக்கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டான். அதற்கு மணி அடித்தது.

இதனால் இல்லக் கல்வித் தாய்மார்களிடம் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. அதற்கு இருப்பு வைத்தல் என்று பெயர். நல்ல, சத்தான, ஒரே மூச்சில் புரியக்கூடிய விஷயங்களைக் குழந்தைகளின் கண்ணிலும் காதிலும் படாமல் மறைத்து வைத்திருந்து, ஆண்டுக் கடைசியில் ஒவ்வொன்றாக எடுத்து விடுவது. ஒருத்தி காந்தத்தைப் பூட்டி வைத்திருப்பாள். இன்னொருத்தி இரண்டு வருடமாக வீட்டில் பலூனே வாங்கியிருக்க மாட்டாள். பட்டை இல்லாத நேரத்தில் குழந்தை எதையாவது கேட்டுவிட்டால் வாயைப் பொத்துவதுதான் முதல் வேலை. பட்டையில்லாமல் புரிந்தது புரிந்ததுதான். அதற்கு மறுபடி மணி அடிக்காது.

சுடர்விழியின் இருப்பில் பெரியது நிலா. நிலா ஏன் தேய்கிறது என்பதற்காக மூன்று மாதமாக நறுமுகையை மொட்டை மாடிக்கே அனுப்பவில்லை. போன வாரம் அவள் கணவன் தணிகைவேல், பட்டை மின்னேறிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, மகளை மடியில் உட்காரவைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் கைவிளக்கையும் வைத்து எல்லாவற்றையும் அழகாக விளக்கிவிட்டான். அவள் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் நறுமுகை, "ஓ, அதான் அப்பா பாதியாத் தெரியுது" என்று சொல்லிவிட்டாள். மூன்று மணி போச்சு. சுடர்விழி இரண்டு நாள் கணவனோடு பேசவில்லை.

"புள்ள கேட்டுது, சொன்னேன். அது ஒரு குத்தமா?" என்று அவன் மூன்றாம் நாள் கேட்டான்.

"வருஷம் பூரா நான் கேக்கறேன், ஒரு நாள் உக்காந்து சொல்லிக் குடுத்தீங்களா? நான் ஒளிச்சு வச்சது மட்டும் எப்படிங்க உங்க கண்ணுல படுது?"



இன்றைய நாளுக்கு வருவோம். பட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி குளியலறைக்குள் போன பாரி பதினைந்து நிமிடம் கழித்தும் வெளியே வரவில்லை. திட்டுவதற்காகக் கதவைத் தள்ளியபோது 'டிங்' என்றது. குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். சுவர், கூரை, துண்டு, அம்மா, எல்லாம் நனைந்திருந்தன. வாரத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து விடும் கட்டடம் அது. சுடர்விழி அடிக்கக் கை ஓங்கினாள். எண் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு ஆனதைப் பார்த்து அந்தக் கையாலேயே அவன் தலையைத் துவட்டினாள்.

அடுத்தது ஒன்பது மணிக்கு வந்தது. தணிகைவேல் பக்கத்து அறையில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தான். மேலே சட்டை, கீழே லுங்கி, கையில் இட்லித் தட்டு. "சார், எனக்கு கேமரா வேல செய்யல சார், காலையிலேர்ந்து முயற்சி பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே கேமராவின் மேல் ஒட்டியிருந்த துண்டுத் தாளை நன்றாக அழுத்தி ஒட்டினான். கதவருகில் நின்ற நறுமுகையின் நெற்றியில் மணி அடித்தது.

"என்னடி புரிஞ்சுது?" என்று சுடர்விழி கேட்டாள். ஒவ்வொரு மணிக்கும் எந்தப் பாடம் என்று பதிய வேண்டும். அது விதி.

"அப்பா ஆபீஸ்ல எப்படிப் பேசறாருன்னு" என்றாள் நறுமுகை.

சுடர்விழி 'தகவல் தொடர்பு' என்று பதிந்தாள். இன்னும் ஐந்து.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் என்றால் ஒன்றும் இல்லை. நறுமுகைக்கு நீள் வகுத்தல். நூற்று நாற்பத்து நான்கை ஆறால் வகுக்க வேண்டும். முதல் முறை பொறுமையாகச் சொன்னாள். இரண்டாவது முறை இன்னும் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பொறுமையில் பல்லைக் கடிக்கும் சத்தம் இருந்தது. ஐந்தாவது முறை, "பதினாலுல ஆறு எத்தன தடவ இருக்கு?" என்று கேட்டதற்கு நறுமுகை, "எந்தப் பதினாலு?" என்றாள். பாரி மேசைக்கு அடியில் படுத்து, அம்மாவின் செருப்புக்குள் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தான். ஒன்று இரண்டு எண்ணச் சொல்லி அவள்தான் அரிசியைக் கொடுத்திருந்தாள்.

பதினொன்றரைக்கு ரெஜினாவைக் கூப்பிட்டாள். ரெஜினாவுக்கு மூன்று பிள்ளைகள். பிப்ரவரியிலேயே தொள்ளாயிரத்தைத் தாண்டியவள்.

"ரெஜினாக்கா, இருப்புல ஏதாச்சும் இருக்கா? எதுவா இருந்தாலும் பரவால்ல."

"எங்க சுடரு, எல்லாம் தீந்துபோச்சு. மொச்ச ஊறப்போட்டிருக்கேன் குழம்புக்கு. அதத் தரவா? பிரிச்சா உள்ள குட்டிச் செடி மாரி இருக்கும். எங்க சின்னவளுக்குப் போன வருஷம் அடிச்சுது."

"குடுங்கக்கா."

மொச்சை மின்தூக்கியில் கிண்ணத்தோடு இறங்கி வந்தது. பாரி ஒன்றைப் பிதுக்கி, இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த இத்துனூண்டு முளையைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. "இது உள்ளயே இருந்துச்சா?" 'டிங்'. நறுமுகைக்கு அது முன்பே தெரியும். பாரி மீதி மொச்சையையும் பிதுக்கித் தள்ளிவிட்டான். ஆனால் ஒரு விதைக்கு ஒரு மணிதான். இன்னும் நான்கு.

இரண்டு மணிக்குச் சுடர்விழி கடைசி இருப்பில் கைவைத்தாள். பத்து வயதுக்கு மேல் சொல்லலாம் என்று வைத்திருந்தது. நறுமுகையை மட்டும் படுக்கையறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, குழந்தை எப்படி உண்டாகிறது, எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு புத்தகப் படத்தின் உதவியோடு சொல்லி முடித்தாள். அவளுக்கு வியர்த்துவிட்டது. நறுமுகை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பட்டை அமைதியாக இருந்தது.

"புரியலையா? மறுபடி சொல்லட்டுமா?"

"இல்லம்மா. ரெஜினா பெரியம்மா வீட்டு அக்கா போன தீவாளிக்கே சொல்லிட்டாங்க. மாடிப் படியில. பட்டை போடல அப்ப."

சுடர்விழி புத்தகத்தை மூடினாள். அவள் தன் பிள்ளையைப் பற்றி ஒன்று கவனித்திருக்க வேண்டும். பட்டை அடிக்காவிட்டால் புரியவில்லை என்று மட்டும் அர்த்தம் இல்லை. ஆனால் அவள் மனதில் அப்போது நான்கு என்ற எண் மட்டும்தான் இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் நல்ல நேரமும் இருந்தது. நாலேகாலுக்கு, ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ, சுடர்விழி கணக்கை நிறுத்திவிட்டு, செருப்பிலிருந்து அரிசியைத் தட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நறுமுகை அவளாகவே பென்சிலை எடுத்து ஏதோ போட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மா, நூறு பத்தா மாறிப் பக்கத்துல வந்து நிக்குதா? அதான் பதினாலா?" என்றாள். 'டிங்'. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது சுடர்விழிக்கு எண்ணிக்கை மறந்துபோனது. மகளை இழுத்து நெற்றிப்பட்டையோடு சேர்த்து முத்தம் கொடுத்தாள். இதற்காகத்தான், இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்று நினைத்தாள். அது உண்மையாகவும் இருந்தது.

அந்த மகிழ்ச்சி பாரிக்கும் தொற்றியதோ என்னவோ, அவன் அலமாரியில் இருந்த புட்டியைப் பார்த்து, "ஊ, று, கா, ய்" என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், சட்டென்று நிறுத்தி, "ஊறுகாய்" என்றான். 'டிங்'. எழுத்தெல்லாம் அவனுக்கு ஆறு மாதமாகத் தெரியும். அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரு பொருளைச் சொல்கின்றன என்பது இப்போதுதான் தெரிந்தது. உப்பு, புளி, சோம்பு என்று ஒவ்வொரு டப்பாவாகப் படித்துக்கொண்டே போனான். பிறகு தாள் ஒன்றை எடுத்துவந்து, "என் பேர எழுது" என்றான். எழுதினாள். படித்தான். "நான் வெளிய போயிட்டாக் கூட இதுல இருப்பேனா?" என்று கேட்டான். அவள் ஆமாம் என்பதற்குள் மணி அடித்துவிட்டது.

ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. நேரம் ஐந்து இருபது.

ஒன்றே ஒன்று. நாற்பது நிமிடத்தில் ஒரு சின்ன விஷயம். உலகத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாத விஷயங்கள் எத்தனை கோடி இருக்கும். பாரி களைத்துப்போய், "பசிக்குது" என்று சமையலறைக்குப் போய்விட்டான். வாழைப்பழத்தோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். நறுமுகையை முன்னால் உட்காரவைத்தாள். மீதி என்றால் என்ன என்று சொன்னாள். லீப் வருடம் சொன்னாள். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று சொல்ல ஆரம்பித்து, அது தனக்கே சரியாகத் தெரியாது என்பது பாதியில் தெரிந்து நிறுத்தினாள். திசைகள், நிழல், துரு, வினையெச்சம். நறுமுகை கொட்டாவி விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பாவம், காலையிலிருந்து அவளும்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"இல்லக் கல்வி வாரியத்தின் நினைவூட்டல். பதினைந்து நிமிடங்கள் உள்ளன" என்றது சுவர்த்திரை, இனிமையான குரலில்.

"கவனி முகை. துரு எப்படிப் பிடிக்குதுன்னு திருப்பிச் சொல்லு."

"இரும்புல... தண்ணி பட்டா..." நறுமுகையின் கண் சுவரோரம் போன எறும்பின் மேல் போனது.

"இங்கப் பாரு. என்னப் பாரு. நான் ஒருத்தி தொண்ட வத்தக் கத்தறேன், நீ எறும்பப் பாக்கற. உங்க அப்பா எலுமிச்சம்பழத்தக் காட்டினா மட்டும் புரியுது, இல்ல? எனக்கு மட்டும் ஆசையாடி இது?" குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எனக்குப் பிடிக்கல. உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக்குடுக்க எனக்குப் பிடிக்கவே இல்ல. ஒரு நாள்கூடப் பிடிச்சதில்ல. காலைல கண்ண முழிக்கும்போதே எப்படா ஆறு மணி ஆகும்னுதான் இருக்கு. போதுமா?"

 ஒரு நாள்கூட என்பது பொய். நாலேகால் மணி ஒன்று இருந்தது. ஆனால் மற்றதெல்லாம் பொய்யில்லை. அது ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியதும் இல்லை. நறுமுகையின் நெற்றியைப் பார்த்தாள். இப்போது அடிக்கும் என்று பயந்தாள். அடிக்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். ஆண்டு முழுவதும் அவள் அப்படி வேண்டிக்கொண்டது அதுவே முதல் முறை.

மணி அடிக்கவில்லை.

"தெரியும்மா" என்றாள் நறுமுகை. கோபமாகச் சொல்லவில்லை. "ஒண்ணாங் கிளாஸ் நடத்தறப்பவே தெரியும்."

 சுடர்விழி மகளின் கையைப் பிடிக்கப் போனாள்.

அப்போதுதான் முதுகுப் பக்கம் 'டிங்' என்றது.

கதவோரம் பாரி நின்றிருந்தான். பாதி உரித்த வாழைப்பழம் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தான் என்று தெரியவில்லை. அவன் அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவர்த்திரையில் பூக்கள் விழுந்தன. நாதசுரம் வாசித்தது. "வாழ்த்துகள். உங்கள் இல்லம் அறுநூறு விளக்கங்களை எட்டியுள்ளது. உங்கள் குழந்தைகள் உங்களிடமிருந்தே கற்கிறார்கள் என்பதில் வாரியம் பெருமை கொள்கிறது."

தணிகைவேல் காதொலிப்பானைக் கழற்றிவிட்டு லுங்கியோடு ஓடிவந்தான். "அடிச்சிருச்சா? சுடர், அடிச்சிருச்சா? எதுக்கு அடிச்சுது?"  ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கதவோரமே நின்றுவிட்டான்.

சுடர்விழி மண்டியிட்டுப் பாரியைக் கூப்பிட்டாள். அவன் வந்தான். வழக்கம்போல ஓடிவரவில்லை, நடந்து வந்தான்.

"அம்மா சும்மா கோவத்துல சொன்னேன் தங்கம்" என்றாள்.

அவனுடைய பட்டை ஒன்றும் சொல்லவில்லை. ஏமாற்ற முடியாத கருவி அது.

"அப்ப நாளைக்கு யாரு சொல்லிக் குடுப்பா?" என்று பாரி கேட்டான்.

சுவர்த்திரையில் பூக்கள் மறைந்து ஒரு கேள்வி வந்தது. 'அடுத்த ஆண்டும் உங்கள் குழந்தைகளுக்கு இல்லத்திலேயே கற்பிக்க விரும்புகிறீர்களா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஆறு மணி ஆக நான்கு நிமிடம் இருந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் இல்லை என்றே கொள்ளப்படும்.

விரும்புகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். அதற்கு உண்மையான பதிலை இந்த வீட்டில் மூன்று பேர் அறிவார்கள். குழந்தைகள் இருவரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேல்மலையில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பதில் விருப்பமுள்ளவர்கள். எறும்பைப் பார்த்தால் கத்த மாட்டார்கள். இதையெல்லாம் அவள் அந்த நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் நினைத்துப் பார்த்தாள். பாரி பழத்தைக் கடிக்காமலே வைத்திருந்தான்.

சுடர்விழி எழுந்து போய் 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

நறுமுகையின் நெற்றியில் மணி அடித்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நறுமுகைக்கே வெட்கமாகிவிட்டது. பட்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என்னடி புரிஞ்சுது?" என்று சுடர்விழி கேட்டாள்.

நறுமுகை கொஞ்சம் யோசித்தாள். "பிடிக்கலன்னாலும் பிடிக்குதுன்னு அழுத்தலாம்னு" என்றாள். பிறகு, "நீ 'இல்ல'ய அழுத்துவன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் சொன்னது புகாரா நன்றியா என்று சுடர்விழிக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. தணிகைவேல் மகனைத் தூக்கிக்கொண்டான். பாரி ஒருவழியாகப் பழத்தைக் கடித்தான். சுவர்த்திரையில் பழைய எண் அழிந்து, புதிய ஆண்டுக்கான கணக்கு வந்தது. அடித்தது ஒன்று, மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.